முகூர்த்த நாளில் நடுங்கும் ஊசி

வெள்ளவத்தை,
27.05.2024

மெல்பேர்ண் மாநகரில் மின்சாரத்தைக் கட்டி மேய்க்கும் என் மருமகள் சாம்பவிக்கு,

மாமா யோகநாதன் எழுதுவது. இங்கே நான், உன் மாமி, என் வலது முழங்கால் மூவரும் உயிரோடு இருக்கிறோம். மூவரிலும் முழங்காலுக்குத்தான் வாய் கூட. அங்கே நீயும் உன் அம்மாவான என் அக்காவும் குளிருக்குள் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்திலும் ஏன் மாமா கடிதம் என்று கேட்பாய். போனில் கதைத்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டு அவுஸ்திரேலியாக் கண்டம் முழுவதற்கும் ஒலிபரப்புகிறா. அதனால் உன் கந்தோர் விலாசத்துக்கு ராஜாங்க ஓலை அனுப்புகிறேன்.

முதலில் மங்கலச் செய்தி. உன் வருங்கால மாமனார் குகநேசன் முதலாளி கட்டிய கலியாண மஹால் சித்திரையில் திறந்தாயிற்று. கொட்டாஞ்சேனையில் இப்படி ஒரு கட்டடத்தைச் சூரியனே கண்டதில்லை. காலையில் எழும்பி வந்து கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. என் கடைக்குப் பக்கத்து வளவை வாங்கும்படி அவருக்கு யோசனை சொன்னவன் யார்? இந்த யோகநாதன். மஹாலுக்கு வருகிற பெண் பகுதி என் கடைக் கண்ணாடியைத் தாண்டித்தானே போகவேண்டும்? பிளவுஸ் ஓடர்கள் மழையாகக் கொட்டும். அவருடைய மகன் பிரியந்தனையும் உன்னையும் பொருத்தியதும் அதே மூளைதான். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அல்ல, முழுத் தோட்டம்.

ஆனால் கொஞ்ச நாளாக என் எம்பிராய்டரி மெஷினுக்குப் பேய் பிடித்திருக்கிறது. ஜப்பான் தேசத்து மகாராணி என்று நான் கூப்பிடுவேனே, அதுதான். கொம்பியூட்டரில் ஒரு மயிலைக் கொடுத்தால் மயிலைத் தைத்துத் தந்த மகராசி, இப்போது பாதியில் நின்றுவிடுகிறாள். மறுபடி தொடங்கும்போது மயிலின் தலை ஒரு விரற்கடை தள்ளி விழுகிறது. போன கிழமை ஒரு மணப்பெண்ணின் தாய் பிளவுஸைத் தூக்கிப் பிடித்து, "தம்பி, இது மயிலோ, கழுத்தறுத்த கோழியோ?" என்று கேட்டா. கடை நிறைய ஆட்கள்.

மெஷின் ஓட்டுவது ஜிந்துப்பிட்டி சுதர்சினி. ஏழு வருடமாக ஒரு நூல் பிசகாதவள். எனக்குக் கோபம், ஏசிவிட்டேன். அவள் விட்டாளா?

"நா என்னா கையால குத்துனேனா ஐயா? லைட்டு கண்ணடிச்சிச்சு, மெஷின் நின்னுச்சு. ஏசுறதுன்னா லைட்டப் போயி ஏசுங்க."

ஆகவே லைட்டின் சார்பில் உன்னைக் கேட்கிறேன். இது என்ன வியாதி, மருந்து என்ன? உன் படிப்புக்கு இது தேத்தண்ணி குடிக்கிற நேரத்து வேலை.

உன் அன்பு மாமா,
யோகநாதன்


மெல்பேர்ண்,
14.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள், முழங்காலையும். உங்கள் கடிதத்தைக் கந்தோரில் வாசித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரி பயந்துவிட்டாள்.

மாமா, பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சுதர்சினி அக்கா சொன்னதுதான் சரி. உங்கள் லயினில் வோல்ட்டேஜ் ஒரு கணம் குழியில் விழுந்து எழும்புகிறது. மனிதக் கண்ணுக்கு லைட் சிமிட்டியது மட்டும்தான் தெரியும். ஆனால் மெஷினின் மூளை அந்தக் கணத்தில் தான் எந்த இடத்தில் ஊசியை வைத்திருந்தேன் என்பதை மறந்துவிடும். நித்திரையால் எழும்பினவர் போலக் கொஞ்சம் தள்ளித் தொடங்கும். கரண்ட் முழுதாக நின்றுபோனால் எல்லாருக்கும் தெரியும், கரண்ட் கந்தோருக்குப் போன் பண்ணுவார்கள். இது யாருக்கும் தெரியாத நோய். அதனால்தான் எப்போதும் வேலை செய்கிற ஆளின் தலையில் பழி விழும். அவரை ஏசாதீர்கள், சத்தியமாக.

அக்கம்பக்கத்தில் யாரோ பெரிய மோட்டர் ஏதோ தொடக்குகிறார்கள். யார் என்று பிடிக்க வேண்டும். மெஷின் குழம்பும் நாட்களைக் குறித்து அனுப்புங்கள். மிச்சத்தை நான் பார்க்கிறேன். உங்கள் மருமகள் இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறாள்.

அன்புடன்,
சாம்பவி


வெள்ளவத்தை,
08.07.2024

மின்னலுக்கே வைத்தியம் பார்க்கும் மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது, சுகம் அறிந்து சந்தோஷம். உன் மாமிக்குத் தடிமன். அவ தும்மினால் காலி வீதியில் பஸ்கள் பிரேக் போடுகின்றன. மற்றப்படி குறையில்லை.

உன் தீர்ப்பைச் சுதர்சினிக்கு வாசித்துக் காட்டினேன். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றாள். அந்த வார்த்தைக்காக அவளுக்குத் தின்ன ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் பூட்டினேன். லைட் கண்ணடித்து, மெஷின் நின்று, மயிலின் தலை போன பிறகு, ஆறுதலாக 'டக்' என்று ஒரு சத்தம் போடுகிறது. துக்கம் விசாரிக்க வாங்கிய சாமான். பிறகு கரண்ட் கந்தோரில் முறையிட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து மீற்றர் பிடித்துப் பார்த்து, "லயின் எக்க ஹொந்தாய், மாத்தயா" என்றார். லயின் நல்லாத்தான் இருக்கிறதாம். அன்றைக்கு மகாராணியும் அவருக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அடக்கமாகத் தைத்தாள். துரோகி.

நீ கேட்ட நாட்களை எழுதி வைக்க எனக்கு எங்கே பொறுமை? மெஷின் குழம்புகிற ஒவ்வொரு நாளும் சுதர்சினி சுவர்க் கலண்டரின் அன்றைய தாளைக் கிழித்து ஒரு டப்பாவில் போட்டாள். அந்தத் தாள்கள் அப்படியே இத்துடன் வருகின்றன. கொழும்புத் தூசியும் இலவசம்.

வந்த ஓடர்களில் பாதி திரும்பிப் போகிறது. அதை அக்காவுக்குச் சொல்லாதே.

உன் மாமா,
யோகநாதன்


மெல்பேர்ண்,
29.07.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். மாமியின் தடிமன் மாறிவிட்டதா?

கலண்டர் தாள்களை மேசையில் பரப்பிவைத்து ஒரு மணித்தியாலம் பார்த்தேன் மாமா. திங்களா, வெள்ளியா, மாத முடிவா என்று கணக்குப் போட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை. பிறகுதான் தாளின் அடியில் இருந்த சின்ன எழுத்து கண்ணில் பட்டது. 'சுபமுகூர்த்த நாள்'. அடுத்த தாளிலும் அதுதான். எல்லாத் தாளிலும் அதுதான். உங்கள் மெஷின் பஞ்சாங்கம் பார்த்துத்தான் குழம்புகிறது.

முகூர்த்த நாளில் மட்டும் பெரிய மோட்டர் போடுகிற இடம் உங்களுக்குப் பக்கத்தில் ஒன்றுதானே இருக்கிறது. கலியாணம் இருக்கிற அன்று மாடியிலுள்ள ஏசிகளை எல்லாம் ஒன்றாய்ப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். தொடங்குகிற நேரத்தில் அவை ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே டிரான்ஸ்போமர். செவ்வாய்க்கிழமை எவரும் கலியாணம் செய்யமாட்டார்கள், அதனால்தான் வந்தவருக்கு லயின் நன்றாக இருந்தது.

மாமா, இது எங்கள் மஹால்.

ஆனால் பயப்படாதீர்கள், சின்னத் திருத்தம்தான். ஏசிகளை ஒவ்வொன்றாக, மெதுவாகத் தொடக்குகிற கருவி இருக்கிறது. அந்த மாளிகைக்கு வாங்கின சரவிளக்குகளில் ஒன்றின் விலை வராது. ஞாயிற்றுக்கிழமை பிரியந்தனோடு கதைப்பேன். இதைக் கண்டுகொண்டு பேசாமல் இருந்தால் நான் படித்தது எதற்கு?

அன்புடன்,
சாம்பவி


வெள்ளவத்தை,
19.08.2024

என் குலதெய்வமே, மருமகளே,

சுக விசாரணை எல்லாம் பிறகு. இந்தக் கடிதம் கிடைக்கிற நிமிஷம் வாயை மூடு. பிரியந்தனோடு இதைப்பற்றி ஒரு வார்த்தை கதைக்காதே!

உனக்கு இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் ஏன் முறிந்தன என்று உனக்குத் தெரியும். ஒன்று சீதனப் பேச்சில், மற்றது உன் அம்மாவின் வாயில். இது நான் இரும்பால் கட்டிய சம்பந்தம். தையில் கலியாணம். பெண் வீட்டார் ஏறி வந்து 'உங்கள் மஹால் எங்கள் மாமாவின் கடையைத் தின்கிறது' என்று சொன்னால் குகநேசன் என்ன நினைப்பார்? அவர் கோபித்தால் கடலுக்கே உப்புக் கூடிவிடும்.

நானே ஒருமுறை பகிடியாகத் தூண்டில் போட்டுப் பார்த்தேன். "முதலாளி, உங்கடை ஏசி தும்மினால் என்ரை கடைக்குக் காய்ச்சல் வருது" என்றேன்.

"அண்ணை, கரண்ட் என்ரை சீதனமே? கவுண்மேந்து தாறது, எல்லாருக்கும் பொது. உங்கடை மெஷினுக்கு வயசு போட்டுது" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். தட்டிய தட்டில் ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டேன்.

உன் கணக்குச் சரிதான். ஆடி மாதம் முழுவதும் மஹாலில் நாய் கூட நுழையவில்லை. மகாராணி தேவலோகத்துத் தையல்காரி போலத் தைத்தாள். ஆனால் ஆடியில் யார் கலியாணப் பிளவுஸ் தைக்கிறார்கள்? கரண்ட் நல்லாயிருக்கிற மாதத்தில் வேலை இல்லை, வேலை இருக்கிற நாளில் கரண்ட் நல்லாயில்லை. சும்மா இருக்கிற மெஷினில் சுதர்சினி தன் மகளின் பாவாடைக்கு ஒரு மயில் தைத்தாள். தலையும் உடலும் ஒட்டிய முழு மயில். அதைக் கடைக் கண்ணாடியில் கொழுவிவைத்து, "பாக்கிறவங்க பாக்கட்டும், இது யாரு கை குத்தம்னு" என்றாள்.

கலியாணம் முடியட்டும், நானே பேசி முடிப்பேன். அதுவரை நீ ஊமை.

உன் மாமா,
யோகநாதன்


வெள்ளவத்தை,
02.10.2024

அன்பு மருமகளுக்கு,

உன் சுகம் அறிய வழியில்லை. ஆறு கிழமையாக உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் காணவில்லை. ஊமையாக இரு என்றது பிரியந்தனுக்கு, எனக்கல்ல. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

ஆவணி பிறந்தது, மஹாலில் மேளம் பிறந்தது, என் கடையில் சாவு பிறந்தது. ஒரே முகூர்த்த நாளில் மகாராணி பலமுறை நின்று, கடைசியில் மூளைப் பலகை கருகிப் புகை விட்டாள். திருத்துகிறவர் வந்து மோந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பக்கத்துக் கடை ஜாபிர் நானாவின் ஐஸ்கிறீம் பெட்டியும் அதே நாளில் செத்தது. வனிலா ஆறு வாசல் வழியே துறைமுகத்தைப் பார்த்து ஓடியது.

இதைவிடப் பெரியது வேறு. கொட்டாஞ்சேனை முழுக்கச் சுதர்சினிக்கு 'கை ராசியில்லாதவள்' என்று பெயர் வந்துவிட்டது. 'அந்தப் பிள்ளை தொடாத உடுப்பாத் தாங்கோ' என்று என் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

போன கிழமை அவளும் ஜாபிரும் சேர்ந்து கரண்ட் கந்தோருக்கு ஒரு பெட்டிசம் எழுதினார்கள். முகூர்த்த நாளில் வந்து மீற்றர் பிடிக்கச் சொல்லி. என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினாள்.

"ஒங்க கடதானே ஐயா, மொதல்ல நீங்க போடுங்க."

"எனக்குக் கை உழைவு சுதர்சினி. பேனை பிடிக்க ஏலாது."

"நேத்து கேரம் ஆடுனீங்களே ஐயா?"

"அதாலைதான் உழைவு."

அவள் என் இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

பிள்ளை, நான் வாயை மூடச் சொன்னது உண்மை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பிரியந்தனோடு நீ கதைத்தாயா, கதைக்கவில்லையா?

மாமா


மெல்பேர்ண்,
20.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். வேலை கூட என்பதால் உடனே பதில் போட முடியவில்லை, மன்னியுங்கள்.

கலியாண அலுவல்கள் நல்லபடி நடக்கின்றன. அழைப்பிதழுக்கு மாதிரி மூன்று வந்திருக்கிறது. அம்மாவுக்கு மெரூன், எனக்குப் பொன் நிறம். மாமா மாமி, நான் சொல்வது பிரியந்தனின் பெற்றோர், மிகவும் அன்பாக இருக்கிறார்கள். கலியாணத்தன்று மஹாலில் ஒரு தளம் முழுவதும் எங்கள் ஆட்களுக்கு விடுவதாகச் சொன்னார்கள். சாப்பாட்டில் உங்களுக்குப் பிடித்த பருத்தித்துறை வடையும் இருக்கும்.

கரண்ட் விஷயம். இப்படியான பிழைக்குப் பல காரணங்கள் இருக்கலாம் மாமா. கட்டடத்தின் வயரிங் பழசாக இருந்தாலும் வரும். அளந்து பார்க்காமல் ஒரு பக்கத்தைச் சொல்வது சரியில்லை. உங்கள் பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கள்.

அந்தப் பெட்டிசத்தில் யார் யாருடைய பெயர் இருக்கிறது? உங்களுடையது இல்லைத்தானே?

அன்புடன்,
சாம்பவி


வெள்ளவத்தை,
18.11.2024

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொன் நிற அழைப்பிதழே நல்லது; மெரூனில் எழுத்துத் தெரியாது. இங்கே மழை. மாமி சுகம்.

பெட்டிசத்துக்குக் கரண்ட் கந்தோரில் இருந்து ஒருவர் வந்தார். மீற்றர் கொண்டுவரவில்லை. கையில் போன் மட்டும். நாள்? நல்ல சுத்தமான அட்டமி. சுதர்சினியையும் ஜாபிரையும் கூப்பிட்டு நிற்பாட்டி, தெரிந்த தமிழில் சொன்னார்.

"மஹால் பக்கம் பிழை இல்ல. வெளிநாட்டில பெரிய இஞ்ஜினியர் மிஸ் ஒருத்தர் பாத்து எழுதியிருக்கு. ஒங்க கடை வயரிங் பழசு. மெஷினும் பழசு."

"பாத்தாங்களா? எப்ப வந்து பாத்தாங்க?" என்றாள் சுதர்சினி.

"வரத் தேவையில்ல, நோனா. இஞ்ஜினியருக்கு கணக்குத் தெரியும்."

"யாரு சார் அந்த மிஸ்ஸு?"

அவர் போனைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாய் வாசித்தார். மெல்பேர்ண். சாம்பவி.

ஜாபிர் என்னைப் பார்த்தான். சுதர்சினி என்னைப் பார்க்கவில்லை. அதுதான் மோசம். உன் கடிதத்தை நான்தானே அவளுக்கு வாசித்துக் காட்டினேன், ரோல்ஸும் வாங்கிக் கொடுத்து.

அந்த மனிசன் என்னிடம் திரும்பி, "மாத்தயா, நீங்க என்ன சொல்றது?" என்றார். உன் மாமா, வெள்ளவத்தையின் வாய்வீச்சு வேந்தன், வாயாலேயே மலையைக் கிளப்பி இந்து சமுத்திரத்தில் போடுகிறவன், என்ன சொன்னான் தெரியுமா?

"பெரிய படிப்புப் படிச்சவை. சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

மெல்பேர்ணில் சாம்பவி என்ற பெயரில் ஆயிரம் இஞ்ஜினியர்கள் இருப்பார்கள். ஆகையால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பழைய வயரிங் யோகநாதன்


மெல்பேர்ண்,
08.12.2024

மாமாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், அதாவது போதும்.

அது நான்தான். ஒன்று சொல்கிறேன், நான் பொய் எழுதவில்லை. வயரிங் பழசாக இருக்கலாம் என்று எழுதினேன். 'இருக்கலாம்'. அதை அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

ஓகஸ்டிலேயே பிரியந்தனோடு கதைத்தேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே. அவர் கோபிக்கவில்லை. "நீர் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார், சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அதன் பிறகு இரண்டு கிழமை போன் எடுக்கவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் "ஏன் அவர் எடுக்கேல்லை, நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டுக்கொண்டிருந்தா. அப்போதுதான் வாயை மூடு என்று உங்கள் கடிதமும் வந்தது. எல்லாருக்கும் நான் பேசாமல் இருப்பதுதான் விருப்பம் என்று விளங்கியது. பிறகு பெட்டிசம் வந்ததும், பிரியந்தன் வீட்டார் என்னைப் பேசச் சொன்னார்கள். அவர்களுக்காக.

நீங்களும் கையெழுத்துப் போடவில்லைத்தானே மாமா.

கலியாணம் முடிய உங்களுக்குக் கொலன்னாவையில் கடைக்கு ஒரு இடம் எடுத்துத் தருவதாகப் பிரியந்தனின் அப்பா சொல்கிறார். அங்கே கரண்ட் நல்லதாம்.

சாம்பவி


வெள்ளவத்தை,
02.01.2025

அன்புள்ள மணமகள் சாம்பவி அவர்களுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன்.

தாங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நான் கையெழுத்துப் போடவில்லை. தாங்கள் போட்டீர்கள். குடும்பத்தில் ஒருவருக்காவது கை உழைவு இல்லாதது மகிழ்ச்சி.

கடை மூடியாயிற்று. பூட்டையும் திறப்பையும் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்தேன். அவர் அடுத்த நாளே குகநேசன் முதலாளியிடம் கொடுத்தார். கலியாண நாட்களில் கார் விட இடம் காணாதாம். முன் சுவரை இடித்தாயிற்று. மகாராணியை இரும்புக்கு எடுக்கிறவர்கள் வந்து கயிறு கட்டி இறக்கினார்கள். எட்டு யானை சேர்ந்தும் அசைக்க முடியாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் போதுமாக இருந்தது. கொலன்னாவைக்கு நான் போகவில்லை. மூளை கருகிய மெஷினை வைத்துக்கொண்டு அங்கே நல்ல கரண்டை என்ன செய்ய, குடிக்கவா?

சுதர்சினி மூன்று தையல் கடைகளில் வேலை கேட்டாள். ராசியில்லாத கை என்பது ஒன்று. பெரிய இடத்தின் மேல் பொய்ப் பெட்டிசம் போட்டவள் என்பது இப்போது இரண்டு. கடைசியில் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் கூட்டித் துடைக்கிற வேலை. கடைசி நாள் கண்ணாடியில் இருந்த மகளின் பாவாடையைக் கழற்றி மடித்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஐயா, ஒங்க மருமகளுக்குக் கரண்டப் பத்தி எல்லாந் தெரியும்னு சொன்னீங்க. நெசந்தான். எங்கிட்டு வளைஞ்சு போனா நோகாதுன்னு கரண்டுக்குத் தெரியுற மாதிரியே தெரியுது."

அவள் என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

கலியாணத்துக்கு வருவேன். தாய்மாமன் வராவிட்டால் சபையில் கேட்பார்கள். பட்டுவேட்டி கட்டி, பாலறுகு வைத்து, வடையும் தின்று, வந்தவர்கள் வயிறு நோகச் சிரிக்கும்படி கதை சொல்வேன். அதில் குறை வைக்கமாட்டேன்.

ஒரு சின்ன வேண்டுகோள். அன்றைக்கு மாடியிலுள்ள ஏசிகளை எல்லாம் ஒன்றாகவே போடச் சொல்லுங்கள். நல்ல குளிராயிருக்கட்டும். பக்கத்தில் இனி நடுங்குவதற்கு ஒன்றும் இல்லை.

யோகநாதன்